நஷ்டம் கேட்க வராதவர்

அருள்புரத்தில் சாயப்பட்டறை நடத்துகிறேன். சாயத்தில் குறை வந்தால் துணிக்கு மட்டுமே பொறுப்பு, அந்தக் குறையால் வாடிக்கையாளரின் ஆர்டர் ரத்தானாலோ லாபம் போனாலோ பொறுப்பில்லை என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. சின்னப் பட்டறை அந்த வரி இல்லாமல் பிழைக்க முடியாது.

போன வருடம் சுமதி என்பவர் எங்களிடம் சாயமிட்ட சிவப்புத் துணியில் குழந்தைச் சட்டைகள் தைத்து மும்பைக் கடை ஒன்றுக்கு அனுப்பினார். முதல் சலவையிலேயே சாயம் விட்டது. தவறு எங்களுடையது. கடைக்காரர் ஆர்டரை ரத்து செய்தார்.

சுமதி வந்து உட்காருவதற்குள் ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியைக் காட்டினேன்.

"படிச்சுட்டுத்தானுங்கண்ணா கையெழுத்துப் போட்டேன். நஷ்டங் கேக்க வரலீங்க," என்றார். "நான் மட்டமான துணிய வாங்கித் தெச்சு ஏமாத்திட்டேன்னு கடைக்காரரு நெனைக்கறாருங்க. தப்பு சாயத்துலதான்னு ஒரு லெட்டர் குடுங்க, போதும்."

தவறை எழுத்தில் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று வக்கீல் எச்சரித்திருந்தார். சுமதி பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். வெள்ளைக் காலர் முழுதும் ரோஸ் நிறமாகியிருந்தது. தையலில் ஒரு பிசிறுகூட இல்லை.

எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"மூஞ்சிய ஏனுங்கண்ணா இப்படி வெச்சிருக்கீங்க? நாந்தானுங்க அழுவோணும்," என்று சிரித்தார்.

அடுத்த மாதம் மும்பை ஆர்டர் அவருக்குத் திரும்பி வந்தது. ஒப்பந்தத்தை நான் மாற்றவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அவர் என்ன கேட்க வந்தார் என்று தெரியுமுன்பே மறுத்துவிட்டேனே, அது இன்னும் உறுத்துகிறது.