க்யூபிட் பாடம் எடுத்த முதல் வாரம்

கணவர் இறந்து பதினெட்டாம் நாள் நான் கல்லூரிக்குத் திரும்பினேன். காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிவிட்டார்கள். வேங்கிக்கால் வீட்டில் நானும் ஃபேன் சத்தமும்தான். அழுகை வரவில்லை. பசியும் இல்லை.

துறைத் தலைவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "இன்னும் ஒரு வாரம் லீவு எடுத்துக்கோங்கம்மா. கிளாஸை நான் பாத்துக்கறேன்."

"வேணாம் சார். வீட்ல இருந்து என்ன பண்ணப் போறேன்?"

மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவர்களுக்குக் குவாண்டம் கம்ப்யூட்டிங் புதிதாக வந்திருக்கிறது, எடுக்க யாரும் முன்வரவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் எடுக்கிறேன் என்றேன். அன்று எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதல் வகுப்பில் சாதாரண பிட்டிலிருந்து தொடங்கினேன். அது பூஜ்யம், அல்லது ஒன்று. குவாண்டம் கணினியின் பிட்டான க்யூபிட்டுக்கு இரண்டு எண்கள் வேண்டும். அளந்து பார்த்தால் பூஜ்யம் வர எவ்வளவு வாய்ப்பு, ஒன்று வர எவ்வளவு வாய்ப்பு என்பதை அந்த எண்களின் வர்க்கங்கள் சொல்லும். இரண்டு வர்க்கங்களையும் கூட்டினால் ஒன்று வரவேண்டும். இதைச் சொல்லிவிட்டு, சம வாய்ப்புக்கு உதாரணமாகப் பலகையில் இரண்டு இடத்திலும் அரை என்று எழுதினேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "மேடம், அரையோட ஸ்கொயர் கால்தானே? ரெண்டு காலும் சேந்தா அரைதான் வருது. ஒண்ணு வரலயே."

அழித்தேன். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களில் சிலர் சாவுக்கு வந்திருந்தவர்கள்.

"நான் எழுதட்டுமா மேடம்?" அவளே வந்து, இரண்டு இடத்திலும் வர்க்கம் அரை வரும்படி ஒன்றின் கீழ் ரூட் இரண்டு என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "அப்போ காசு சுண்டறதுக்கும் இதுக்கும் என்னா மேடம் வித்தியாசம்?"

"நாளைக்குச் சொல்றேன்."

மாலை வீட்டில் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பினேன். அவன் கேள்விக்கான கணக்கை, ஒரு மைனஸை விட்டுவிட்டு, முதல் தடவை தப்பாகப் போட்டேன். இரண்டாம் தடவை சரியாக வந்தது. நிமிர்ந்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. அந்த நேரத்தில் கணவர் நினைவே வரவில்லை. குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை. எழுந்து துணி மடித்தேன்.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டதால் வகுப்பில் பாதிப் பேர்தான்.

"காசை ஒரு தடவை சுண்டுங்க. பாக்காம மறுபடி சுண்டுங்க. அப்பவும் பூவா தலையா தெரியாது. க்யூபிட் அப்படி இல்ல" என்றேன். பூஜ்யத்தில் இருக்கும் க்யூபிட்டைச் சம வாய்ப்புக்குக் கொண்டுபோகும் செயலுக்கு 'கேட்' என்று பெயர். அதை ஒரு தடவை போட்டு, அளக்காமல் அதையே இன்னொரு தடவை போட்டுக் காட்டினேன். பூஜ்யத்தின் பக்கம் அரையும் அரையும் கூடி ஒன்று. ஒன்றின் பக்கம் அரையும் மைனஸ் அரையும்.

"அடிபட்டுப் போச்சு!" என்றான் நேற்றுக் கேட்டவன். "அப்போ எப்பவும் பூஜ்யந்தான் வருமா மேடம்?"

"எப்பவும். வாய்ப்புக்கு மைனஸ் கிடையாது. இந்த எண்களுக்கு உண்டு. அதான் வித்தியாசம்."

வகுப்பு முடிந்ததும் அந்தக் கீழ்பென்னாத்தூர் மாணவி மேசைக்கு வந்தாள். "சாப்ட்டீங்களா மேடம்?"

"ஆச்சும்மா."

அவள் நம்பவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். எலுமிச்சை சாதம். ருசி தெரியவில்லை, ஆனால் முழுதும் சாப்பிட்டேன்.

அந்தப் பருவம் முழுக்க அந்தப் பாடத்தை நானே எடுத்தேன். அழுகை வந்தது பல மாதம் கழித்து, போளூர் பஸ்ஸில், காரணம் எதுவும் இல்லாமல். பக்கத்து சீட்டு அம்மா எனக்குக் கொஞ்சம் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.