குட்டிக்குக் கொடுத்த மருந்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் எனக்கு முதல் வேலை. சோமனூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் நான். குதிரையைக் கிட்டத்தில் பார்த்ததே கல்லூரிக்குப் போன பிறகுதான். மருந்தகத்துக்கு வந்தவை எல்லாம் மாடும் ஆடும். அதனால், குதிரை வண்டிக்காரர் ஒருவர் தன் குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகவே இருந்தது. படித்ததைக் காட்ட ஒரு வாய்ப்பு.

அவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். ரயிலில் வந்து இறங்குகிறவர்களைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுவார். அவருடைய பெட்டைக் குதிரை ஈன்ற முதல் குட்டி அது. ஆறு மாதம் ஆகியிருந்தது. ரோமம் சிலிர்த்து, விலா எலும்பு தெரிய, வயிறு மட்டும் பானை போலத் தொங்கியது. கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார். குட்டிக்குத் தீனி வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர்தான்.

"ஏனுங்க டாக்டரம்மா, தின்னுக்கிட்டேதான் இருக்குதுங்க. ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்றார் அந்த அக்கா.

லத்தியைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கண்ணாடியை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் உருண்டை உருண்டையாக முட்டைகள். குட்டிக் குதிரைகளின் குடலில் ஒரு சாண் நீளத்துக்கு வளரும் வெள்ளைப் புழு. இதற்கு இரண்டு வகை மருந்து உண்டு. ஒன்று, எல்லாப் புழுவையும் ஒரே நேரத்தில் மரத்துப்போக வைக்கும். இன்னொன்று நாலைந்து நாளில் மெதுவாகக் கொல்லும். புழு அளவுக்கு மீறி இருக்கும் குட்டிக்கு வேகமான மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று கல்லூரி நோட்டில் நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அலமாரியில் இருந்தது வேகமான மருந்துதான். மற்றதைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க இரண்டு நாள் ஆகும். நான் காத்திருக்கவில்லை.

மருந்தை வயிற்றில் இறக்க மூக்கு வழியாகக் குழாயைச் செருகும்போது அக்கா கேட்டார். "ஒரே மூச்சுல குடுக்கோணுமுங்களா? கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தா ஆவாதுங்களா? எளங்குட்டி பாருங்க."

"அதெல்லாம் வேண்டாங்க்கா. ஒரே தடவைல சுத்தமாப் போயிரும்" என்றேன். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பாய் ஓடி வந்தார். நான் போனபோது குட்டி அவர்கள் வீட்டு முன்னால் புரண்டுகொண்டிருந்தது. எழும், தன் வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், மறுபடி விழும். உடம்பெல்லாம் வியர்வை. குழாயைச் செருகினேன், பச்சைத் தண்ணீரோடு இரண்டு வெள்ளைப் புழுக்கள் வெளியே வந்தன. வலிக்கு ஊசி போட்டேன். வேறு எதுவும் கைகூடவில்லை. பள்ளிவாசலில் மத்தியானப் பாங்கு சொல்லும் முன்பே குட்டியின் மூச்சு அடங்கிவிட்டது.

அறுத்துப் பார்க்க அனுமதி கேட்டேன்; பாய் தலையாட்டினார். செத்த புழுக்கள் கயிறு போல முறுக்கிக்கொண்டு சிறுகுடலை அடைத்திருந்தன. அதற்கு மேலே குடல் கிழிந்திருந்தது. பார்த்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்கம்மா ஆச்சு?" என்று பாய் கேட்டார்.

"பூச்சி ரொம்ப முத்திப்போச்சுங்க பாய். இன்னும் முந்தியே கூட்டிட்டு வந்திருக்கோணும்."

அது முழுப் பொய் அல்ல. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. கதவோரம் நின்ற அக்கா, "லத்தி கெடக்குற தரையில தீனியப் போட்டுத் தின்ன உட்டது நாந்தானுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு நான் சொன்னதை எல்லாம் அவர்கள் அப்படியே செய்தார்கள். தீனித்தொட்டியை உயரத்தில் கட்டினார்கள். காலையும் மாலையும் லத்தியை அள்ளி, கொட்டகைக்கு எட்டத்தில் குவித்தார்கள். அக்கா கொட்டகைச் சுவரை வெந்நீர் ஊற்றித் தேய்ப்பார். மாதம் ஒரு முறை தாய்க்குதிரையின் லத்தியைப் பாக்கு மட்டையில் பொதிந்து பாய் கொண்டுவருவார். அடுத்தவர்கள் முன்னால் நான் அவர்களைப் பாராட்டுவேன். அப்படிப் பாராட்டியதுதான் இப்போது எல்லாவற்றையும்விட உறுத்துகிறது.

மூன்றாம் வருடம் அந்தக் குதிரை மறுபடி ஈன்றது. இந்த முறை குட்டிக்கு இரண்டு மாதம் ஆனதுமே மெதுவான மருந்தை ஐந்து பொட்டலங்களாகக் கட்டி அக்காவிடம் கொடுத்தேன்.

"முன்ன ஒரே தடவையாக் குடுத்தீங்க. இப்ப அஞ்சு நாளைக்குங்களா?"

"இது வேற மருந்துங்க்கா."

அவர் பொட்டலங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். குட்டி நன்றாக வளர்ந்தது.

இடமாற்ற உத்தரவு வந்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாய் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். அக்கா கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன்: அந்தக் குட்டி செத்தது என் மருந்தால்தான், நீங்கள் கேட்டது போல மெதுவான மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம்.

முறம் நின்றது.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே அம்மணி. எங்கையாலயே கொன்னுபோட்டேன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் சிந்திய கொள்ளு மணிகளை முறத்தில் அள்ளிப் போட்டார். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். நான் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பாய் தானாகவே வண்டியோடு வந்து என் பெட்டிகளை ஏற்றினார். வழியெல்லாம் புதுக் குட்டியின் பேச்சுதான். "உங்க கைராசியில பொழச்சுதுங்கம்மா" என்றார். அக்கா அவரிடம் சொல்லவில்லை என்று அப்போது தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்று வண்டியைத் திருப்பினார். நான் தலையாட்டினேன். பஸ் புறப்பட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம்.