பருவப் பற்பொடியும் விக்கிரவாண்டி சின்னபொண்ணும்

திண்டிவனத்துல பல்லு வச்சிருக்கறவங்கள்ல பாதிப்பேரு வாய்க்குள்ள சின்னபொண்ணு கை போயிருக்கு. எட்டு வருஷமா அழுக்கெடுக்குது அந்தப் பொண்ணு. அதோட கதைய அதுங்கிட்டயே கேட்டுக்கலாம். ஆனா அது பேசாது, வாசல்ல ஆளு காத்துக்கினு இருப்பான். அதனால நான் சொல்றேன். நான் யாருன்னா, அந்தப் பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போடப் பார்த்த ஆளு. பேரு பாண்டுரங்கன், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நாட்டு மருந்துக் கடை.

என் கடையில பருவம் பார்த்துத்தான் சரக்கு. ஐப்பசி மழைக்கு ஓமமும் சித்தரத்தையும், மார்கழிப் பனிக்கு சுக்கும் மிளகும், சித்திரை வெயிலுக்கு சீரகமும் வெந்தயமும். அதெல்லாம் சத்தியமான சரக்கு, எவனும் குத்தம் சொல்ல முடியாது. பொய்யி ஒண்ணே ஒண்ணுதான்: பாண்டுரங்கன் பருவப் பற்பொடி. மழைக்கு ஒரு பொட்டலம், பனிக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணு. மூணும் ஒரே பொடி. முக்கால்வாசி செங்கல்லு, கொஞ்சம் உப்பு, மூக்க ஏமாத்த மேலாக்க கிராம்போ சுக்கோ சீரகமோ ஒரு சிட்டிகை. விழுப்புரம் சந்தை வரைக்கும் போச்சி. ஜனங்க வெள்ளை வெளேர்னு பல்லக் காட்டி என்னைப் புகழ்ந்துட்டுப் போவாங்க. எனக்குக் கொஞ்சமும் கூச்சம் கெடையாது.

சின்னபொண்ணு விக்கிரவாண்டிப் பக்கத்துப் பொண்ணு. அப்பன் அந்தோணிசாமி, அங்க பெரிய நெலக்காரரு கோதண்டபாணிகிட்ட கூலி வேலை. பொண்ணு மிஷன் ஸ்கூல்ல எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிட்டு, என் கடைக்கு எதிர்ல இருந்த பல் டாக்டர் அரங்கநாதன்கிட்ட சாமான் கழுவற வேலைக்கு வந்துது. கொறடு, ஊசியெல்லாம் கொதிக்க வச்சி வரிசை மாறாம அடுக்கறதப் பார்த்தாரு டாக்டர். "பல்லுல அழுக்கெடுக்க, ஈறப் பார்த்துக்கன்னு மெட்ராஸ்ல ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு, போறியாம்மா?"ன்னாரு.

அந்தோணிசாமி குதிச்சாரு. "ஊரான் வாய் நாத்தத்தக் கழுவவா பதினோரு கிளாஸ் படிச்ச?"

"நீ மாட்டுத் தொழுவத்தக் கழுவற, நான் மனுசன் வாயக் கழுவறேன். எது தேவலை நைனா?"ன்னுச்சாம் பொண்ணு.

போயிடுச்சி. மெட்ராஸ்ல பழகறதுக்கு ஆளு கெடைக்காம ஹாஸ்டல் வாட்ச்மேன் வாயையே ஏழு தடவ சுத்தம் பண்ணுச்சாம். நாலாவது தடவையோட அந்தாளு பொகையிலையே வுட்டுட்டாராம். அறுபத்தொண்ணுல வெள்ளைக் கோட்டோட திண்டிவனத்துல வந்து எறங்குச்சி. டாக்டரும் இல்லாம நர்சும் இல்லாம இது இன்னா உத்தியோகம்னு ஜனங்க முழிச்சாங்க. "பல்லு வெளக்கறதுக்குப் படிச்சவ"ன்னு நான்தான் பேரு வச்சேன்.

மொத மாசமே அது ஒண்ணக் கண்டுபுடிச்சிது. வர்றவன் பல்லெல்லாம் தேஞ்சிருக்கு, பச்சத்தண்ணி பட்டாலே துடிக்கிறான். எதால வெளக்கறீங்கன்னு கேட்டா ஒருத்தன் பாக்கியில்லாம என் பேரச் சொல்றான். ஒரு நாள் மத்தியானம் நேரா என் கடைக்கு வந்து நின்னுது. ஒரு பொட்டலத்தப் பிரிச்சி, மேசை மேல இருந்த கண்ணாடிப் புட்டி மேல தூவி நல்லா தேய்ச்சிது. புட்டி கீறிப்போச்சி.

"கண்ணாடியே இந்தக் கதின்னா பல்லு இன்னா ஆவும்? கிராம்பு வித்துக்கங்க கடைக்காரரே. டாக்டரே உங்ககிட்டதான் கிராம்புத் தைலம் வாங்கறாரு. இத மட்டும் நிறுத்திடுங்க."

எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கினு எரிஞ்சிது. "மெட்ராஸ்ல ரெண்டு வருஷம் குந்திட்டு வந்தா நீ எனக்கு மருந்து சொல்லுவியா? நடையக் கட்டு!"ன்னேன்.

அதோட நான் வுட்டேனா? சுக்கு வாங்க வந்தவன்கிட்டல்லாம் ஓதினேன். அது சொரண்டினா பல்லு ஆடும்னேன். அது பத்தாதுன்னு, சேரி அந்தோணிசாமி பொண்ணு கைய வாய்க்குள்ள வாங்கிக்கப் போறியான்னேன். த்தூ, இப்ப சொல்லவே நாக்கூசுது. அன்னிக்கி கூசல.

ரெண்டே வாரத்துல அதோட நாற்காலியில ஈதான் உக்காந்துது. கோதண்டபாணி டாக்டர்கிட்ட வந்தாரு. "எங்க கூலிக்காரன் பொண்ணு எங்க வாயில கை வைக்கிறதா? அவள அனுப்பு, இல்லன்னா எங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தன் வரமாட்டான்"னாரு. டாக்டர் நல்ல மனுசன், ஆனா பயந்தாங்கொள்ளி. "சனிக்கிழமைக்குள்ள ஒருத்தராவது உங்கிட்ட உக்காரணும்மா. இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது"ன்னுட்டாரு. அந்த வேலைக்குச் சுத்துவட்டாரத்துல வேற எடம் கெடையாது. போச்சின்னா, படிச்ச படிப்போட அதே கோதண்டபாணி கொல்லையில மல்லாட்டைக் கடலை புடுங்கப் போவணும்.

அந்த வாரம் வியாழக்கிழமை எனக்குக் கடைவாய் வீங்குச்சி. கிராம்பு வச்சேன். கேக்கல. அது மேல இன்னொரு கிராம்ப வச்சித் திணிச்சேன். சுக்குப் பத்து போட்டேன், ஓம ஒத்தடம் குடுத்தேன். சனிக்கிழமை காலையில மூஞ்சி ஒரு பக்கம் பூசணிக்கா ஆயிடுச்சி. என் சம்சாரம் பொன்னி விழுந்து விழுந்து சிரிச்சா. "ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்ற மூஞ்சிய ஒரு தடவ கண்ணாடியில பாரு"ன்னா.

வேற வழியில்லாம ரோட்டத் தாண்டினேன். கோதண்டபாணி பல்லு புடுங்கிக்க வந்து, அப்பிடியே பொண்ணு மூட்டை கட்டறதையும் பார்த்துடலாம்னு, நாலு ஆளுங்களோட வாசல்ல குந்திக்கினு இருந்தாரு. டாக்டர் என் வாயப் பார்த்துட்டு, "மொதல்ல சுத்தம் பண்ணணும். அது சின்னபொண்ணு வேலை"ன்னு சொல்லிட்டு உள் ரூமுக்குப் போயிட்டாரு. அந்த மனுசனுக்கு அன்னிக்கின்னு பார்த்து எங்கேர்ந்துதான் தைரியம் வந்துதோ.

உக்காந்தேன். பொண்ணு சின்னக் கண்ணாடிய உள்ள வுட்டுப் பார்த்துது. ரொம்ப நேரம் பார்த்துது.

"எதால வெளக்கறீங்க கடைக்காரரே?"

"வேப்பங்குச்சி"ன்னேன், வாயில கண்ணாடியோட. சொன்னப்பறம்தான் இன்னா ஒளறிட்டோம்னு எனக்கே ஒரைச்சிது.

"அதான் பார்த்தேன். நான் வந்ததுலேர்ந்து இந்த ஊருல தேயாத பல்லு இதான் மொதல்ல பார்க்கறேன்." அதுக்குக் கொரல் ஏறவே இல்ல. "எங்க நைனா பத்து வருஷமா உங்க பொடிதான் போடறாரு. விழுப்புரம் சந்தையில தேடி வாங்குவாரு. இப்ப கேப்பைக்கூழு கொஞ்சம் சூடா இருந்தா கூட வாயில வைக்க முடியல."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சி. வலியில இல்ல, வெக்கத்துல. நான் திணிச்ச கிராம்புத் துண்டு ஈறுக்கடியில போயி மாட்டிக்கினு இருந்துது, அத எடுத்துத் தட்டுல போட்டுது. பதமா கழுவுச்சி. ஊசிய லேசா ஒரு அழுத்து அழுத்தியிருந்தா நான் கூரையில போயி முட்டியிருப்பேன். செய்யல.

வெளியில வந்தேன். "இன்னா பாண்டுரங்கா, பல்லு ஆடுதா?"ன்னாரு கோதண்டபாணி. ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா போதும், சாயங்காலத்துக்குள்ள பொண்ணு பஸ் ஏறியிருக்கும். என் பொடியும் பொழச்சிருக்கும்.

"ஆடலைங்க. நீங்க போடற என் பொடியில இருக்கறது செங்கல்லுங்க. உங்க பல்லத் தேச்சது நான்தான். நான் அத என் வாயில வச்சதே இல்ல"ன்னேன்.

அவரு நாக்கால பல்லத் தடவிப் பார்த்துக்கினாரு. பளார்னு ஒண்ணு வுட்டாரு, வீங்குன பக்கமே. அப்பறம் தன்னோட தாடையப் புடிச்சிக்கினாரு. நாலு ஆளுங்களும் பார்த்துக்கினு இருந்தாங்க. வலின்னு வந்தா அவரும் மனுசன்தானே. உள்ள போயி சின்னபொண்ணு நாற்காலியில உக்காந்தாரு.

கதவு தொறந்துதான் இருந்துது. அந்தோணிசாமி கோதண்டபாணி எதிர்ல நின்னா வாயப் பொத்திக்கினுதான் பேசணும், அவங்க ஊரு வழக்கம் அது. அந்தோணிசாமி பொண்ணு லைட்டத் திருப்பி அவரு மூஞ்சிக்கு நேரா வச்சிது.

"நல்லாத் தொறங்க"ன்னுச்சி.

தொறந்தாரு.