அந்தோனிதாசன் அண்ணை கைகொடுக்காத காலம்

அந்தோனிதாசன் அண்ணையின் கையில் வந்த நோய்க்கு முதலில் வைத்தியம் சொன்னவன் நான். அதனாலோ என்னவோ, அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று குழம்பிவிடுகிறது.

1988 மார்கழி. டென்மார்க்கின் சில்க்போர்க்கில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் மன்னார்க்காரர், நாற்பதை நெருங்கியவர். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. மனைவி மேரிகிறேஸை அழைக்க விண்ணப்பித்து ஒரு வருடம் கடந்தும் பதில் இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்தவன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பட்டம் இருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

அவருடைய முழங்கையிலும் புறங்கையிலும் சிவந்த தடிப்புகள், மேலே வெள்ளிச் செதில்கள். பூஞ்சணம் என்றேன். சுடுநீரில் கிருமிநாசினி விட்டுத் தேய்த்துக் கழுவச் சொன்னேன். செய்தார். இரண்டு கிழமையில் தோல் வெடித்து இரத்தம் கசிந்தது. இன்னும் தேய்க்க வேண்டும்போல என்று இருவருமே நினைத்தோம்.

விண்ணப்பத்தைப் பற்றி விசாரிக்க, வெளிநாட்டவர் விடயங்களைக் கவனிக்கும் பொலிஸ் நிலையம் போனபோது அங்கிருந்தவர் கை நீட்டினார். அண்ணை கைகொடுக்காமல் கும்பிட்டார். பிறகு தேவாலயப் பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் பகிரும்போதும் கும்பிட்டார். அது தமிழர் வழக்கமென்று எண்ணிய டேனிஷ் மூதாட்டிகள் எங்கள் எல்லோரையும் கும்பிடத் தொடங்கினார்கள். "அண்ணை, ஊரையே மாத்திப்போட்டியள்" என்று எங்களோடு பூசைக்கு வரும் தேவராசா பகிடி பண்ணினான். அண்ணை சிரிக்கவில்லை.

பொலிஸ்காரர் கையைக் கண்டு குட்டநோய் என்று எழுதியிருப்பார், அதனால்தான் அனுமதி வரவில்லை என்பார் அண்ணை ஒருநாள். கைகொடுக்காததை அவமதிப்பாக எடுத்திருப்பார் என்பார் மறுநாள். நோயாளியின் மனைவியை நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்று பயந்து டொக்டரிடமும் போகவில்லை. அப்படி ஒரு சட்டம் உண்டா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது. அதை ஒப்புக்கொள்ளவும் வாய் வரவில்லை.

கடைசியில் அவர் கை துடைத்து இரத்தம் பட்ட துவாயைக் கண்ட சலவைப் பகுதிப் பொறுப்பாளர்தான் அவரை டொக்டரிடம் அனுப்பிவைத்தார். மொழிபெயர்க்க நான் போனேன். டொக்டர் அந்தக் கைகளை வெறுங்கையால் பிடித்துப் பார்த்தார். இது சொரியாசிஸ், குட்டமில்லை, தொற்றாது என்றார். முற்றாகப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். தோல் உடம்பின் ஈரத்தைக் காக்கும் சுவர். சுடுநீரும் சவர்க்காரமும் அதன் சாந்தைக் கரைத்துவிட்டன. இனி இளஞ்சூட்டு நீரில் சில நிமிடம் போதும், ஈரம் காயுமுன் வாசனையில்லாத கொழுப்புக் களிம்பு பூச வேண்டும், வேலையில் ரப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை போட வேண்டும், செதிலைத் தேய்த்து எடுக்கவே கூடாது. தடிப்புகளுக்குத் தனியாக ஒரு மருந்தும் எழுதினார். குளிரும் தொண்டை நோவும் மனக்கவலையும் நோயைக் கிளப்புமாம். ஏதும் கவலை உண்டா என்று கேட்டார். அண்ணை இல்லை என்றார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். செய்தது சரியா?

பங்குனியில் தடிப்புகள் தணிந்தன. அந்த இளவேனிலில்தான் பத்திரிகையில் வந்தது: தமிழரின் குடும்ப விண்ணப்பங்கள் எல்லாமே கொழும்பு, மன்னார் என்ற பேதமில்லாமல் அரசாங்க மேலிடத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. அண்ணையின் கைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. வாசித்துக் காட்டினேன்.

"அப்ப நான் ஏன் இவ்வளவு நாளும் ஒளிச்சனான்?" என்று கேட்டார்.

ஆடியில் மேரிகிறேஸுக்கு அனுமதி கிடைத்தது. கவலை போனால் நோயும் போகும் என்று நம்பியிருந்தேன். அவர் வருவதற்கு முந்திய கிழமை அண்ணை குளியலறையில் ஒரு மணிநேரம் இருந்தார். கதவைத் தட்டினேன். சுடுநீரின் ஆவி, கிருமிநாசினி மணம், தேய்க்கும் சத்தம்.

"அவள் வந்து இந்தக் கையையோ பிடிக்கிறது? துப்பரவாக்கிறன்."

ரயில் வந்த நாளில் களிம்பு பூசியும் இரண்டு கைகளும் சிவந்து வெடித்திருந்தன. மேரிகிறேஸ் இறங்கினார். அண்ணை கும்பிட்டார்.

"என்னப்பா, கும்பிடுறதுக்கு நான் என்ன மடுக் கோயில் மாதாவோ?" என்று சிரித்தபடி கூப்பிய கைகளைப் பிரித்த மேரிகிறேஸ், குனிந்து பார்த்தார். களிம்பு அவருடைய விரல்களிலும் ஒட்டியது. அவர் கையை விடவில்லை.

"நோகுதோ?"

"ஓம்" என்றார் அண்ணை. டொக்டரிடம் இல்லை என்று மறைத்தவர்.

யார் இப்படித் தேய்க்கச் சொன்னது என்று மேரிகிறேஸ் கேட்டார். அண்ணை என் பக்கம் திரும்பவில்லை; ஒருவரும் சொல்லவில்லை என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன், நான்தான் என்று எப்போது சொல்வதென்று தெரியாமல்.