பெட்டிக்கடியில் வைத்த கடிதம்

நான் ஐந்தாம் வகுப்போடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மலை வேலைக்குப் போனவன். என் மகள் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்க விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். ஒருநாள் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் வேலை பிரிக்கும்போது, தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா என்னிடம் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். நான் சிறுவனாக இருந்தபோது லிந்துலையில், குடியுரிமை இல்லையென்று எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய கடிதங்களும் அப்படித்தான் வந்தன. எனக்கு ஆங்கிலம் தெரியாது. யாரிடமும் கேட்கக் கூச்சம். மகள் கலங்குவாள் என்று பெட்டிக்கடியில் மறைத்துவிட்டேன்.

தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது அவளே அதைக் கண்டெடுத்தாள்.

"அப்பா, இது கெம்பஸ்ல எடம் கெடச்ச கடுதாசி. பதியிற தேதி போயிருச்சே!"

"நம்மள இந்தியாவுக்கு ஏத்துற கடுதாசின்னு பயந்துட்டேன் புள்ள."

"எங்கிட்ட காட்டியிருக்கலாமேப்பா."

மறுவாரம் கொழுந்துக் கூடையோடு மலையேறினாள்.

இன்றும் எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்காமல் அவளிடமே கொடுக்கிறேன். அவள் வாசிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வருவதில்லை.