எர்னஸ்ட் வாயைத் திறக்காமல் சொன்ன பதில்

கூலிம் புலி என்று ரேடியோவில் பேர் வைத்துக்கொண்டு திரிந்தவன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எங்கள் எர்னஸ்டை ஊரே கேட்கப் பொய்யன் என்றான் அவன். ஒரு நாளாவது எங்கள் ஊர் லூனாஸுக்கு வந்து, அந்த மனுசன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னானா? இல்லை.

எர்னஸ்ட் என் பக்கத்து வீட்டுக்காரன். மலேசியப் பட்டாளத்தில் ரேடியோ தூக்கியவன். எழுபத்தைந்தில் பாலிங் பக்கத்துக் காட்டில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் புதைத்த கண்ணிவெடி அவன் வலது காலைக் கொண்டுபோனது. பிறகு எஸ்டேட் லயத்தில் அவன் குடியிருந்த வீடு தீப்பிடித்ததில் உடுப்பு, படம், காகிதம் எல்லாம் சாம்பல்.

நான் லாரிக்காரன். லாரியில் இருந்து மற்ற வண்டிக்காரர்களோடு பேசுகிற சி.பி. செட் ஒன்றை எண்பத்து நாலில் அவனுக்கு மாட்டிக் கொடுத்தேன். வீட்டை விட்டு நகர முடியாதவனுக்கு அதுதான் ஊர். சாயங்காலமானால் முகம் தெரியாத ஆட்களோடு அரட்டைதான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நாள் பேச்சுவாக்கில் தன் பட்டாளக் கதையைச் சொல்லிவிட்டான். பிடித்துக்கொண்டான் புலி.

"பேக்டரி மெஷின்ல கால விட்டுட்டு சோல்ஜருங்கிறியா? கதை விடாத லா! நிரூபி. இல்லாட்டி சேனலை விட்டு ஓடு!"

"ஆமா, நிரூபி!" என்றன நாலைந்து குரல்கள்.

எர்னஸ்ட் மைக்கைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "காகிதம் இருந்தாலும் காத்துல எப்படிக் காட்டுறது? மணியம், நாளைக்கு இதைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடு."

அப்போது பாக் சாலே குரல் வந்தது. தஞ்சோங் டாவாய் கடற்கரையில் மீன்பிடிப் படகு வைத்திருப்பவர். மீன் விலை தவிர வேறு பேச்சே கிடையாது. மலாயில் சொன்னார்: "எர்னஸ்ட், நீ காட்டில் இருக்கிறாய் என்று வைத்துக்கொள். எதிரி உன் பக்கத்திலேயே இருக்கிறான். நான் முகாமில் இருந்து கூப்பிடுகிறேன். நலமா? பதில் சொல்."

எர்னஸ்ட் மைக்கை எடுத்தான். பேசவில்லை.

"பாத்தீங்களா, ஓடிட்டான்!" என்று புலி சிரித்தான். எனக்குப் பொறுக்கவில்லை, மைக்கைப் பிடுங்கப் போனேன். எர்னஸ்ட் என் கையைத் தட்டிவிட்டு, மைக்கில் இருக்கிற சுவிட்சை மட்டும் அழுத்தினான். டக், டக்.

"எல்லாரும் பத்திரமா?"

டக், டக்.

"ஆள் அனுப்பவா?"

டக். ஒன்றுதான்.

பிறகு பாக் சாலே, "போதும் தம்பி," என்றார். "நானும் பட்டாள முகாமில் ரேடியோவோடு உட்கார்ந்தவன். எதிரி கிட்டே இருந்தால் எங்கள் ஆள் பேச மாட்டான். இரண்டு தட்டு ஆமாம், ஒரு தட்டு இல்லை. இது தெரிந்தவன் அங்கே இருந்தவன்."

"சுவிட்சை யாரு வேணா அழுத்தலாமே!" என்றான் புலி.

"நீ அழுத்தவில்லையே, வாயைத் திறந்தாயே. காட்டில் இருந்திருந்தால் இந்நேரம் செத்திருப்பாய்."

சேனலே சிரித்தது. நான் மேசையைக் குத்தியதில் எர்னஸ்டின் மனைவி கேதரின் கொண்டுவந்த காப்பி கொட்டிப்போனது. அவள் திட்டவில்லை, அழுதுகொண்டே சிரித்தாள். மறுநாள் முதல் யார் வந்தாலும் முதலில் எர்னஸ்டுக்கு இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்கள். புலியும் தட்டினான், கடைசியில் வந்து.

எண்பத்தெட்டில் சர்க்கரை வியாதி முற்றி எர்னஸ்ட் ஆஸ்பத்திரியில் படுத்தபோது என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"மணியம், நான் போன அன்னிக்குச் சாயங்காலம் செட்டைப் போடு. பாக் சாலே வந்து, எர்னஸ்ட் நலமான்னு கேப்பாரு. ரெண்டு தடவ அழுத்து. உன் பெரிய வாய மட்டும் திறந்துடாத."