ஏஜெண்ட் கருவாடும் பெட்டாங்கின் முத்தமும்

பெர்பெத்துவா மக்சினோ என்றால் மணிலாவில் யாருக்கும் தெரியாது. பெட்டாங் என்றால் ஜீப்னி ஓட்டுகிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பதுபோல் பாவனை செய்வான். அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் செய்வான், பாவி.

எல்லாம் 'ஏஜெண்ட் கருவாடு' படங்களால் வந்தது. வெள்ளைக்காரன் ஊர் உளவாளிப் படங்களைக் கிண்டல் செய்து எண்பதுகளில் வரிசையாக வந்தவை. கோட்டுப் பைக்குள் துப்பாக்கிக்குப் பதில் கருவாடு வைத்திருக்கும் உளவாளி. ஒவ்வொரு படத்திலும் ஒரே காட்சி தவறாமல் இருக்கும். வில்லன் மாளிகையில் கரண்ட் போகும். இருட்டில் கதாநாயகி என்று நினைத்து எவளையோ கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பான் கருவாடு. விளக்கு வரும். அவன் கையில் இருப்பது வேலைக்காரி பெட்டாங். பொய்ப்பல், மூக்கில் மரு. உடனே பக்கத்திலிருக்கும் பூச்சாடியில் வாந்தி எடுப்பான். தியேட்டர் அதிரும்.

அந்த மருவைக் கடைசிப் படங்களில் ஒட்டியவள் நான்தான். ஒப்பனைக்காரி நீடா. சிரிக்கிற வேலைதானே என்று ஒட்டினேன். ஆனால் பெட்டாங்கின் மகன் ரோடெல் தன் அம்மா நடித்த ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவன் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து வாந்திச் சத்தம் போட்டார்கள். இப்போது அவனே ஒரு பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறான். பிள்ளைகள் போனில் பழைய காட்சியைத் தேடி எடுத்துவிட்டார்கள். வகுப்பில் அவன் முதுகைத் திருப்பினால் பின்பெஞ்சிலிருந்து அதே சத்தம்.

இந்த நேரத்தில்தான் பழைய தயாரிப்பாளரின் மகன் அமாடோ, கருவாட்டை மறுபடி எடுக்கப் போவதாகக் கிளம்பினான். கிறிஸ்துமஸ் அன்று வெளியீடு. ஊரே குடும்பத்தோடு தியேட்டருக்குப் போகிற நாள் அது. பழைய கருவாடு செத்துப் பல வருடமாகிறது. புதுக் கருவாடாக ஜேமர் என்ற பையன், பத்தங்காஸ் மாகாணத்துக்காரன். இயக்குநர் திரிக்ஸி, முப்பது வயதுப் பெண்.

முதல் கூட்டத்திலேயே சண்டை. பெட்டாங்கையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, எங்கள் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள்.

"பாஸ், ஒரு பொம்பளை மூஞ்சிய வச்சு சிரிப்பு காட்றதெல்லாம் இப்ப எடுபடாது. அந்த சீன் வேணாம்," என்றாள் திரிக்ஸி.

"வாந்தி இல்லாம அது கருவாடு படமா? ஜனம் காசைத் திருப்பிக் கேக்கும்," என்றான் அமாடோ.

"அவங்களுக்கு மரியாதை செய்வோம். டைட்டில்ல போட்டோ போட்டு நன்றின்னு..."

பெட்டாங் மேசையை லேசாகத் தட்டினாள். "டைரக்டர், நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன். அதுக்குள்ள போட்டோவுக்கு மாலையா?"

திரிக்ஸி முகம் சிவந்துவிட்டது. நல்ல பெண்தான். ஆனால் மரியாதை என்ற பெயரில் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு அமாடோவைவிட அவள்மேல்தான் கோபம் வந்தது. கடைசியில் பணம் போடுகிறவன் சொல்தான் எடுபட்டது. வாந்தி உண்டு, பெட்டாங்கும் உண்டு.

வெளியே வந்ததும் கேட்டேன். "உனக்கு வெக்கமே இல்லையாடி? எதுக்கு ஒத்துக்கிட்ட?"

"எனக்கு நடிக்கணும் நீடா. வேற எந்த வேஷத்துக்கு என்னைக் கூப்பிடுறான்? உள்ள போனாத்தான் ஏதாவது மாத்த முடியும். வெளிய நின்னு என்னத்த மாத்தறது?"

அன்று மாலை ரோடெல் வீட்டில் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அம்மா, நான் கெஞ்சிக் கேக்கறேன். போகாத."

"ஒரே ஒரு தடவை என் பக்கத்துல உக்காந்து என் படத்தைப் பாருடா. அப்புறம் திட்டு."

"பிள்ளைங்க உன்னைப் பாத்து குமட்டறத நான் காசு குடுத்து வேற பாக்கணுமா?"

சொல்லிவிட்டு அவனே கலங்கிப் போய் வெளியே நடந்துவிட்டான். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு நாற்காலிதான். அவள் பக்கத்தில் அவன் உட்கார வேண்டும். நடிக்காமல் இருந்தாலும் அது கிடைக்காது, வாந்திக் காட்சியில் நடித்தாலும் கிடைக்காது.

படப்பிடிப்பு அக்டோபரில். ஸ்டூடியோ வாசலில் அதற்குள் கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டிருந்தார்கள். ஜேமர் இன்னொரு படப்பிடிப்பிலிருந்து நேராக ஓடிவந்தான். கோட்டை மாட்டிய கையோடு செட்டுக்குள் தள்ளினார்கள். பெட்டாங்குக்கு வணக்கம் சொல்லக்கூட அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை. பெரியவர்கள் இருக்கிற இடத்துக்குள் வந்து, அவர்கள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளாமல் போவது எங்களிடையே சாதாரணத் தப்பில்லை. அதிலும் பத்தங்காஸ் ஆட்கள் இதில் ரொம்பக் கறார். பையன் தவித்தது எனக்குத் தெரிந்தது.

நான் மருவில் பசையைத் தடவி வைத்துக்கொண்டு தயங்கினேன். "ஒட்டுடி," என்றாள் பெட்டாங், பொய்ப்பல்லோடு.

விளக்கணைத்தார்கள். கேமரா ஓடியது. இருட்டில் ஜேமர் அவளை இழுத்து அணைக்கும் சத்தம், கன்னத்தில் முத்தச் சத்தம். விளக்கு வந்தது. பூச்சாடி தயாராகப் பக்கத்தில் இருந்தது. அவன் கண்ணைத் திறந்தான்; எதிரே ஒரு பெரிய மனுஷி. ஒரு கையில் கருவாட்டைத் துப்பாக்கிபோல் நீட்டியபடி, மறு கையால் சட்டென்று அவள் கையைப் பிடித்துக் குனிந்து நெற்றியில் வைத்துக்கொண்டான்.

செய்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கே உறைத்தது. குனிந்தவன் நிமிரத் தெரியாமல் அப்படியே நின்றான்.

பெட்டாங் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. அவன் தலையில் கைவைத்தாள். "ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்பா. உங்கம்மா யாரு?"

"லி... லிபாவுல... நெனித்தாம்மா மகன்ங்க..." உண்மையான பதிலையே சொல்லிவிட்டான் பையன்!

பெட்டாங் அவன் கையிலிருந்த கருவாட்டைப் பார்த்தாள். "மீன் விக்கிற நெனித்தாவா? அவளுக்குத் தெரியுமா நீ இருட்டுல இந்த வேலைதான் பாக்கறேன்னு?"

லைட்பாய் ஒருவன் தாங்க முடியாமல் வெடித்தான். பிறகு செட்டே உருண்டது. திரிக்ஸி தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறமாதிரி சிரித்தாள். நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஒருத்தரும் பெட்டாங்கின் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட அந்தப் பயலைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

அமாடோவும் சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "பிரமாதம். சரி, இப்ப வாந்தியையும் ஒண்ணு எடுத்து வச்சுக்கலாம். கைவசம் இருக்கட்டும்."

சிரிப்பு அடங்கிவிட்டது. வாந்தி கைவசம் இருந்தால் படத்தில் எது வரும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பெட்டாங் பொய்ப்பல்லைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். மருவைப் பிய்த்தாள், தோல் சிவந்தது.

"வேணும்னா எடுத்துக்கங்க பாஸ். ஆனா அதுல நான் இருக்கமாட்டேன்."

"அப்ப சீனையே தூக்கிடுவேன் பெட்டாங். விளையாடறேன்னு நினைக்காத."

"தூக்குங்க."

ஜேமர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரிக்ஸி வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். நானும் பெட்டாங்கும் வெளியே வந்துவிட்டோம். மறுநாள் வேறொரு ஒப்பனைக்காரி என்னிடம் சொன்னாள், நாங்கள் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு யாரையோ வரவழைத்து ஏதோ எடுத்தார்களாம். பின்பக்கமிருந்து எடுத்தால் பெட்டாங்கா வேறொருத்தியா என்று யாருக்குத் தெரியும்? திரிக்ஸி போனை எடுக்கவில்லை. நவம்பர் முழுக்க பெட்டாங் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டு வாசலில் அவள் வைத்திருந்த பெட்டிக்கடைக்கு வந்தவர்கள் சோப்புக் கேட்டால் சர்க்கரை கொடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ரோடெல் கேட்டான். "அந்த சீன் இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் சொன்னாள்: "எனக்கே தெரியாதுப்பா. வந்து பாத்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணாத் தெரியும்."

மறுநாள் பூசை முடிந்து சட்டையை மாற்றிக்கொண்டு எங்களோடு வண்டியேறினான். தியேட்டரில் எள் போட இடமில்லை. குழந்தைகள், ஞானப்பெற்றோர்கள், மடியில் தின்பண்டம். ரோடெல் அவளுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். படம் ஓட ஓட அவள் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது.

திரையில் கரண்ட் போனது. முன்வரிசையில் ஒருவன் விஷயம் தெரிந்தவன்போல் இப்போதே குமட்டிக் காட்டினான். ரோடெல் எழுந்து போகிறவன்போல் நாற்காலிக் கையைப் பிடித்தான். விளக்கு வந்தது. முதலில் தெரிந்தது பூச்சாடிதான். கேமரா மெல்ல நகர்ந்தது. ஜேமர் கண்ணைத் திறந்தான். குனிந்தான். அவள் கையை நெற்றியில் வைத்தான்.

தியேட்டர் ஒரு கணம் புரியாமல் நின்றது. அப்புறம் கூரை பிய்ந்துவிடும்போல் சிரித்தது. திரிக்ஸி அமாடோவிடம் எப்படிப் போராடினாளோ, எனக்குத் தெரியாது. அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்தது.

"உங்கம்மா யாரு?" என்று திரையில் பெட்டாங் கேட்டாள்.

அப்போதுதான் ரோடெலிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறான் என்றே நினைத்தேன். இல்லை, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். "அம்மா! நம்ம வீட்டுக்கு டியூஷன் வர்ற பசங்ககிட்ட எல்லாம் இதே குரல்லதானே கேப்ப! அந்த பெஞ்சமின் பயந்துபோய்த் தாத்தா பேரு வரைக்கும் சொன்னானே!" மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தான். பக்கத்து வரிசைக்காரர் தோளைத் தட்டி, "சார், இது எங்கம்மா," என்றான்.

பெட்டாங் திரைப்பக்கமே திரும்பவில்லை. நான் அவள் இடுப்பில் இடித்தேன். "ஏய், உன் சீன் ஓடுதுடி. பாரு."

"நீ பாரு," என்றாள். "நான் இவனப் பாத்துக்கறேன்."